கடற்கோளும் கதைமரபும்: அரிதில் நேரும் அனர்த்தங்களைச் சமூகம் நினைவிற் கொள்ளும் முறை பற்றிய ஒரு நோக்கு

தமிழிலக்கிய வரலாற்றைக் கற்கப் புகுவோர் முதன்முதலாக அறிந்துகொள்ளும் சொற்களுள் ஒன்று கடற்கோள். முச்சங்க வரலாற்றைக் கூறும் இறையனார் களவியலுரையிலும், பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் பேசும் சிலப்பதிகாரத்திலும், காவிரிப்பூம்பட்டினம் கடல்வயப்பட்டதைக் கூறும் மணிமேகலையிலும் கடல் நிலத்தைக் கொண்ட செய்தி இடம்பெறுகின்றது. தமிழரது வரலாற்றுணர்வின் தோற்றுவாயிலேயே ஒரு கடற்கோள் நிற்கின்றது எனக் கூறின் அது மிகையாகாது.

இருந்தும், 2004 டிசெம்பர் 26 ஆம் நாட் காலையிலே கடல் எழுந்து கரைமேல் வந்தபோது, அங்கு நின்ற மக்களுக்கு இம்மரபு எதனையும் எடுத்துக் கூறவில்லை. வந்தது இன்னதெனச் சுட்டுதற்குக்கூடச் சுனாமி என்னும் யப்பானியச் சொல்லே எமக்குக் கைகொடுத்தது. இலங்கையில் மட்டும் 30,000 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களுள் அம்பாறையே மிகப் பெரிய உயிரிழப்பைக் கண்டது. கடற்கோள் என்னும் சொல்லைப் பல நூற்றாண்டுகளாகப் பேணி வந்த ஒரு சமூகத்திடம் கடல் பற்றிய எச்சரிக்கை எதுவும் எஞ்சியிராமை எதனால் என்பது எம்மால் எளிதிற் கடந்து செல்லத்தக்க வினாவன்று.

பழைய நூல்களைக் குறைகூறுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. காப்பியஞ் செய்தோர் கரையோர மக்களுக்குக் கையேடு எழுதப் புறப்பட்டவரல்லர். ஆயின் ஒரு சமூகம் தான் அனுபவித்த அனர்த்தத்தை எவ்வடிவிலே நினைவிற் கொள்கின்றது, அவ்வடிவம் எதனைப் பேணுகின்றது, எதனைக் கைவிடுகின்றது என்னும் வினாக்கள் திறனாய்வுக்கு உரியன. இவ்வினாக்களைத் தமிழ்க் கடற்கோள் மரபையும் இந்தோனேசியாவின் சிமலூவே தீவினரது வாய்மொழி மரபையும் அருகருகே வைத்து நோக்குதல் பயனுடையதென நாம் கருதுகிறோம்.

தொழில்வழி நினைவும் கதைவழி நினைவும்

இயற்கை அனர்த்தங்களை அவை நேருங் கால இடைவெளி பற்றி இருவகைப்படுத்தலாம். ஆண்டுதோறுமோ சில ஆண்டுகளுக்கொருமுறையோ வருவன ஒருவகை. வெள்ளமும் வரட்சியும் இவ்வகையின. ஒருவர் வாழ்நாளுக்குள் ஒருமுறையேனும் வருமென்ற உறுதியில்லாதன மற்றைய வகை, சுனாமி இவ்வகையினது. இவ்விரண்டையும் சமூகம் எதிர்கொள்ளும் முறை அடிப்படையிலேயே வேறுபடுகின்றது.

முதல்வகை அனர்த்தங்கள் பற்றிய அறிவு தொழிலோடு கலந்து வாழ்வதாகும். கிழக்கிலங்கையை உதாரணமாகக் கொள்வோம். மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரம் ஆண்டின் ஒரு பகுதியில் மணலால் அடைபட்டுக் கிடக்கும். வடகீழ்ப் பருவமழையால் வாவி பெருகி வயல்களும் குடியிருப்புகளும் நீரில் அமிழும் நிலை தோன்றும்போது, அம்மணற்றிடரை வெட்டி நீரைக் கடலுக்கு விடுவர். எப்போது வெட்டுவது என்பதில் வேளாண்மை செய்வோர் நலனும் மீன்பிடிப்போர் நலனும் எப்போதும் ஒன்றாக இரா. எனினும் வெட்டவேண்டும் என்பதையும், வெட்டுதற்கான அடையாளங்களையும் எவரும் எவருக்கும் கதையாகச் சொல்லவேண்டியதில்லை. அடுத்த மாரியே அதனைக் கற்பித்துவிடும்.

வரட்சிக்கும் இவ்வாறே வழிவகைகள் உள. நீரைப் பங்கிடுதற்கு வட்டைவிதானைமார் இருந்தனர். மழை பொய்த்த காலத்துக் கண்ணகையம்மன் கோயில்களிலே மழைக்காவியம் படிக்கப்பட்டது. வைகாசிச் சடங்கிலே குளிர்த்தி பாடுதல் இன்றும் நிகழ்கின்றது. வி. சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட மட்டக்களப்புத் தமிழகம் என்னும் நூலை நோக்குவோர், இப்பிரதேசத்துப் பாடல்கள் மக்களின் தொழிலோடும் வழிபாட்டோடும் எத்துணை நெருக்கமாகப் பிணைந்தவை என்பதைக் காண்பர். மழைக்காவியம் மழையைத் தருமா என்பது ஈண்டு வினாவன்று. நீர் குறைந்த ஆண்டிலே ஊரை ஓரிடத்திற் கூட்டி, தனித்தனிக் குடும்பங்களின் இடரைப் பொதுவிடராக்கி, இருக்கும் நீரைப் பகிர்ந்துகொள்ளும் மனநிலையைத் தோற்றுவித்தல் அதன் சமூகத் தொழிற்பாடாகும்.

இரண்டாம் வகை அனர்த்தத்திற்கு இவ்வசதி இல்லை. நூறாண்டுக்கொருமுறையோ அதனினும் அரிதாகவோ வரும் ஒன்றைத் தொழில் கற்பிக்க முடியாது. அதனைக் கண்டவர் மாண்டபின், காணாதவர் வாய்வழியாகவே அது தொடரவேண்டும். அதாவது அரிதில் நேரும் அனர்த்தத்தைப் பொறுத்தவரையிலே கதையொன்றே சமூகத்தின் நினைவாகும். இங்குதான் இலக்கிய வடிவம் என்பது அழகியற் பிரச்சினையாக மாத்திரம் அமையாது உயிர்வாழ்தலின் பிரச்சினையாகவும் மாறுகின்றது.

சிமலூவேயின் எடுத்துரைப்பு

சிமலூவே, சுமாத்திராவின் மேற்குக் கரைக்கு அப்பால், அச்சே மாகாணத்தைச் சேர்ந்த ஒரு தீவு. 1907 சனவரி 4 ஆம் நாள் அங்கு பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. தொடர்ந்து வந்த கடலலை கரையோரக் கிராமங்களை அழித்துப் பெருந்தொகையானோரைப் பலிகொண்டது. தப்பியோர் அந்நிகழ்ச்சியை ஸ்மொங் என்னுந் தம் சொல்லாற் குறித்தனர். முதியோர் இளையோர்க்குக் கூறும் நஃபி-நஃபி என்னுங் கதைவடிவிலே அது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்தது. நந்தொங் என்னும் பாட்டுவடிவிலும் அது இடம்பெற்றது.

இக்கதையின் கட்டமைப்பு மிக எளியது. நிலம் கடுமையாக நடுங்கும். பின்னர் கடல் வற்றும். அதன்பின் கடல் மலையாக வரும். ஆகவே நிலம் நடுங்கிக் கடல் வற்றக் கண்டால், வற்றிய கரையிற் கிடக்கும் மீனை நாடாது, உடைமையைத் தேடாது, உடனே குன்றுக்கு ஓடவேண்டும். முதலில் அடையாளம், பின்னர் அடையாளங்களின் ஒழுங்கு, இறுதியிற் செயல் என மூன்று உறுப்புகளே இதில் உள. கடல் ஏன் வந்தது என்ற விளக்கத்திற்கு இங்கு முதன்மை இல்லை. யார் ஆண்ட காலம், எத்தனை ஊர் அழிந்தது என்பனவும் கதையின் உயிர்நிலையல்ல.

2004 டிசெம்பர் 26 ஆம் நாள் நேர்ந்த, 9.1 அளவினதான நிலநடுக்கத்தின் மையம் இத்தீவுக்கு மிக அண்மையிலேயே இருந்தது. தீவின் வட முனையிலுள்ள லாங்கி என்னுங் கிராமத்தை ஏறத்தாழ எட்டு நிமிடங்களிலே அலை அடைந்தது. அதன் உயரம் 10 மீற்றருக்கு மேற்பட்டது. எந்தக் கருவியும் எந்த அரசும் எட்டு நிமிடத்திலே அக்கிராமத்திற்கு எச்சரிக்கை அனுப்பியிருக்க முடியாது. ஆயினும், நடுக்கம் ஓய்ந்ததும் மக்கள் ஸ்மொங் எனக் கூவிக்கொண்டு குன்றுகளுக்கு ஓடினர். லாங்கியில் வீடுகள் முற்றாக அழிந்தன; அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 800 பேரும் உயிர்தப்பினர். தீவு முழுவதிலும் ஏறத்தாழ 78,000 மக்களுள் மாண்டோர் ஏழு பேரே. 2005 மார்ச் 28 இல் 8.6 அளவினதான மற்றொரு நிலநடுக்கம் அப்பகுதியைத் தாக்கியபோதும் மக்கள் அவ்வாறே குன்றேறினர்.

தீவின் அமைப்பே அவர்களைக் காத்தது எனச் சிலர் கூறலாம். கரையை ஒட்டிக் குன்றுகள் இருந்தமை உண்மையே. ஆனால் அச்சேப் பெருநிலத்தின் மேற்குக் கரையிலும் குன்றுகள் இருந்தன. அங்கும் அதே நடுக்கம் உணரப்பட்டது. அலை வருதற்குச் சிமலூவேயினும் கூடிய நேரமும் கிடைத்தது. அங்குள்ள யன்தாங் போன்ற கிராமங்களிலே மக்களிற் பெரும் பகுதியினர் மாண்டனர். அச்சே மாகாணம் முழுவதிலும் 160,000 இற்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். நிலமும் கடலும் ஒன்றே. கதை ஒன்றே வேறுபட்டது.

தமிழ் மரபிற் கடற்கோள்

இனி எமது மரபை நோக்குவோம். கலித்தொகையின் முல்லைக்கலிப் பாடலொன்றிலும் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையிலும் பாண்டியன் நிலத்தைக் கடல் கொண்ட செய்தி வருகின்றது. இவ்விரண்டும் இடம்பெறும் சூழல் மனங்கொள்ளத்தக்கது. இரண்டுமே அரச புகழ்ச்சியின் பகுதிகளாம். கடல் தன் நிலத்தைக் கொள்ள, அரசன் சோர்வின்றிப் பிறர் நிலத்தை வென்று அவ்விழப்பை ஈடுசெய்தான் என்பதே கூற்றின் சாரம். இங்கு கடற்கோள் அரசனது ஆற்றலை எடுத்துக்காட்டும் சந்தர்ப்பமாகின்றது. நிலம் அரசனுடைய நிலம். இழப்பு அரசனுடைய இழப்பு. பரிகாரமும் அரசனுடைய போரே. அந்நிலத்தில் வாழ்ந்த உழவரும் பரதவரும் என்னவாயினர் என்பதற்கு அவ்வெடுத்துரைப்பில் இடமில்லை.

இறையனார் களவியலுரையிற் கடற்கோள் வேறொரு தொழிற்பாட்டைப் பெறுகின்றது. தலைச்சங்கம் 4440 ஆண்டும் இடைச்சங்கம் 3700 ஆண்டும் நிலவின என்றும், அவையிருந்த மதுரையையும் கபாடபுரத்தையும் கடல் கொண்டது என்றும் உரை கூறுகின்றது. இங்கு இழக்கப்பட்டது அரசனது நிலமன்று, கல்வி. சிலப்பதிகார உரையாசிரியரான அடியார்க்குநல்லார் கடல்கொண்ட பகுதியை நாற்பத்தொன்பது நாடுகளாகப் பகுத்துப் பெயர் கூறுவர். பஃறுளிக்கும் குமரிக்கும் இடைப்பட்ட தொலைவு எழுநூறு காவதம் என்பர். எது இழக்கப்பட்டது என்பதைக் கணக்கிடுவதில் இம்மரபு காட்டும் நுணுக்கம் வியக்கத்தக்கது. எவ்வாறு இழக்கப்பட்டது என்பதில் அந்நுணுக்கத்தின் நிழலும் இல்லை.

மணிமேகலையே கடற்கோளை ஒரு கதையாக விரித்துக் கூறும் நூல். அரசன் மகனைக் கடலில் இழந்து அவனைத் தேடும் துயரிலே இந்திரவிழாவை மறந்தான், அதனால் மணிமேகலா தெய்வத்தின் சாபம் நேர்ந்தது, புகார் கடல்வயப்பட்டது. இச்செய்தி மணிபல்லவத்திலே மணிமேகலைக்குக் கூறப்படுகின்றது. மணிபல்லவத்தை நயினாதீவெனக் கொள்வோர் எம்மத்தியிற் பலர் ஆதலின், இக்கதை எமது கடலோடு நேரடித் தொடர்புடையதுமாகும். இங்கு கடற்கோளுக்கு ஓர் அறக்காரணம் உண்டு. மகாவம்சம் கூறும் களனிதீசன் கதையிலும் இதே அமைப்பைக் காணலாம். குற்றமற்ற தேரர் ஒருவரை அரசன் கொல்விக்கக் கடல் நாட்டின்மேல் வந்தது. அதனைத் தணித்தற்கு அரசன் மகள் கடலில் விடப்பட்டாள். அவளே பின்னர் விகாரமகாதேவி எனப்பட்டாள். மொழியாலும் சமயத்தாலும் பாடுபொருளாலும் வேறுபட்ட இரு நூல்கள் கடலின் வரவை ஒரே கருத்துநிலையிலிருந்து விளக்குகின்றன: அரசன் தவறினால் கடல் தண்டிக்கும்.

இவ்விளக்கத்திற்கு அக்காலத்தில் ஓர் அரசியற் பயன் இருந்தது. அரசனை அறத்துக்குக் கட்டுப்படுத்தும் கருவியாக அது அமைந்தது. ஆயினும், காரணத்தைத் தெய்வத்திடமும் பொறுப்பை அரசனிடமும் வைத்தபின், குடிமக்கள் செய்தற்குரியது யாதும் இல்லாதுபோகின்றது. மணிமேகலையில் இது மிகத் தெளிவாகத் தோன்றுமிடம் ஒன்றுண்டு. அறவணவடிகளும் மாதவியும் சுதமதியும் தீங்கின்றித் தப்பினர் எனக் காப்பியம் கூறுகின்றது. ஆகவே உயிர் பிழைத்தோர் இக்கதையில் உளர். அவர்கள் எதனைக் கண்டு அபாயத்தை உணர்ந்தனர், எவ்வழியாற் சென்றனர் என்பது மட்டும் இல்லை. சிமலூவேயினர் தம் கதை முழுவதையும் எவ்விடத்தில் அமைத்தனரோ, அவ்விடத்தை எமது காப்பியம் வெறுமையாக விட்டுச் செல்கின்றது.

கடற்கோள் என்ற சொல்லையும் நாம் சற்று ஆராய்தல் வேண்டும். கடல் கொண்டது என்பதே அதன் பொருள். சுனாமியால் ஒரே நாளில் ஊர் அழிவதும், சூறாவளியால் கடல்நீர் மிகுந்து கரையேறுவதும், நூற்றாண்டுக்கணக்கிற் கரை அரிக்கப்படுவதும் இயங்கும் முறையால் முற்றிலும் வேறுபட்டவை. கடற்கோள் என்ற ஒரு சொல் இம்மூன்றையும் தன்னுள் அடக்கும். ஸ்மொங் என்ற சொல்லோ ஒரு நிகழ்வொழுங்கின் பெயர். அதனைக் கேட்டவுடன் கேட்போன் மனத்திலே நடுக்கமும் வற்றலும் ஓட்டமும் வரிசையாக எழும். எமது சொல் விளைவைச் சுட்டுவது. அவர்களது சொல் வரவைச் சுட்டுவது.

ஆய்வு மரபின் பங்கு

இருபதாம் நூற்றாண்டிலே கடற்கோள் பற்றி எழுதப்பட்டவற்றின் அளவு மிகப் பெரிது. எனினும் அவ்வெழுத்திற் பெரும்பகுதி உரையாசிரியர் வகுத்த வழியிலேயே சென்றது. கடல்கொண்ட நிலம் எத்துணைப் பரப்பினது, அது இலெமூரியாக் கண்டமா, அங்கு தோன்றிய மொழி எது என்பனவே முதன்மை வினாக்களாயின. பழம்பெருமையை நாடிய ஒரு காலகட்டத்தின் தேவைகளிலிருந்து இவ்வினாக்கள் எழுந்தன. சுமதி இராமசுவாமி இலெமூரியா பற்றிய கற்பனைகளை ஆராய்ந்து எழுதிய நூல் வெளிவந்ததும், ஒரு தற்செயலாக, 2004 ஆம் ஆண்டிலேயே. இழந்த நிலத்தின்பாற் கொண்ட ஏக்கம் எவ்வாறு ஒரு கருத்துநிலையாகியது என்பதை அந்நூல் விரிவாகக் காட்டும்.

இலெமூரியாவை ஏற்போரும் மறுப்போரும் ஓரிடத்தில் ஒன்றுபட்டனர் என்பதையே நாம் இங்கு வற்புறுத்த விரும்புகிறோம். இருசாராருக்கும் கடற்கோள் முடிந்துபோன ஒரு நிகழ்ச்சி. அது மீண்டும் வரக்கூடியது என்ற எண்ணம் அவ்விவாதத்திலே இடம்பெற்றது அரிது. உண்மையில் இத்தீவின் கரை சுனாமிக்குப் புதியதன்று. 1883 ஆகஸ்ட் 27 இல் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தெழுந்த அலைகள் இலங்கையின் கரைகளிலும் உணரப்பட்டன. காலியிலே கடல் உள்வாங்கியமை அக்காலத்துப் பத்திரிகையிற் பதிவாயிற்று. அம்பாந்தோட்டைப் பகுதியின் கரகன் களப்பிலே மேற்கொள்ளப்பட்ட படிவு ஆய்வுகள், கடந்த ஏறத்தாழ ஏழாயிரம் ஆண்டுகளிலே பெரிய சுனாமிகள் பலமுறை இக்கரையைத் தாக்கியுள்ளன எனக் காட்டுகின்றன. கடற்கோளைத் தொன்மையின் சான்றாக மட்டும் நோக்கியமையால் அதனை எதிர்காலத்தின் செய்தியாக நோக்கும் வாய்ப்பை எமது புலமைமரபு இழந்தது.

இரு தடைகள்

இங்கு இரு தடைகள் எழுப்பப்படலாம். முதலாவது, இலக்கியத்தைப் பயன்பாடு கொண்டு அளத்தல் தகுமா என்பது. பயன் கருதியே இலக்கியம் தோன்றவேண்டும் என நாம் கூறவில்லை. ஆனால் நஃபி-நஃபியைப் பயன் கருதிய அறிவித்தல் எனக் கொள்ளுதலும் பொருந்தாது. வெறும் அறிவித்தல் 97 ஆண்டுகள் வாழாது. கேட்போர் மீண்டும் கேட்க விரும்பும் கதையாக அது இருந்தமையாலேயே அடையாளமும் செயலும் அதனுள் அழியாது நின்றன.

யப்பானிய உதாரணமொன்று இதனைத் தெளிவுபடுத்தும். 1854 டிசெம்பர் 24 ஆம் நாட் சுனாமியின்போது, ஹிரோ என்னுங் கிராமத்தில் ஹமகுச்சி கோரியோ என்பவர் வைக்கோற் போர்களுக்குத் தீயிட்டு, இருளில் வழிதெரியாது தவித்த மக்களை மேட்டுநிலத்திற்கு வழிகாட்டினார். லவ்காடியோ ஹேர்ன் 1897 இல் இந்நிகழ்ச்சியைக் கதையாக்கியபோது, அதனை மலைமேல் வாழும் ஒரு முதியவர் கடல் வற்றுவதைக் கண்டு தம் விளைச்சலையே எரித்து ஊராரை மேலே வரச்செய்த கதையாக மாற்றினார். பின்னர் அது சிறுவர்க்கேற்ப மீள எழுதப்பட்டு 1937 முதல் 1947 வரை யப்பானியப் பாடசாலை வாசிப்பு நூலில் இடம்பெற்றது. வரலாற்றுண்மை திருத்தப்பட்டது, ஆனால் திருத்தத்தின் திசை கவனிக்கத்தக்கது. புனைவு அடையாளத்தையும் செயலையும் மேலும் கூர்மைப்படுத்தியது. ஆகவே புனைவும் பயனும் ஒன்றுக்கொன்று பகையல்ல. வாய்மொழிக்கே உரியதென நாம் கருதும் இத்தொழிற்பாடு எழுத்துக்கும் இயல்வதே.

இரண்டாவது தடை கூடிய கனமுடையது. சிமலூவேயின் கதையை நாம் அப்படியே எடுத்து எமது கரையிற் சொன்னாற் போதாதா? போதாது. அவ்வாறு செய்தல் அபாயமுமாகும். 2004 இலே இலங்கைக் கரையோர மக்களிற் பெரும்பாலானோர் நிலநடுக்கத்தை உணரவில்லை. அது நேர்ந்தது ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கு முன்னர், நெடுந்தொலைவிலே. மேலும், நிலப்பிளவின் மேற்குப் புறத்திலே கடலடி உயர்ந்தது; கிழக்குப் புறத்திலே தாழ்ந்தது. அதனால் கிழக்கே தாய்லாந்துக் கரையிலே முதலிற் கடல் வற்றியது. மேற்கே இலங்கையை நோக்கி முதலில் வந்தது உயர்ந்த அலையே. கடல் வற்றியது அதற்குப் பின்னரே. நடுக்கத்தையும் முதல் வற்றலையும் காத்திருக்கக் கற்பிக்கும் கதை எமது கரையிற் பிழைவழி காட்டும்.

எமது கரை கற்பித்த பாடம் வேறு. தென்மேற்குக் கரையிற் பெரலியவில் நேர்ந்தது அதற்குச் சான்று. முதல் அலை அங்கு புகையிரதத்தை நிறுத்தியது. சுற்றியிருந்த மக்கள் அதனைப் பாதுகாப்பான இடமெனக் கருதி அதில் ஏறினர். பின்னர் வந்த பெரிய அலை புகையிரதத்தைப் புரட்டியது; ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். வருவது ஓரலையன்று, முதல் அலை பெரியதன்று, நீர் வடிந்தபின் திரும்பிச் செல்லலாகாது என்பனவே இக்கரையின் கதை கூறவேண்டியவை. ஓடவேண்டிய இடமும் வேறு. கல்லடி, நாவலடி போன்ற ஊர்கள் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பில் அமைந்தவை; அங்கு குன்றுகள் இல்லை. எந்தப் பாடசாலையின் மேல்மாடி, எந்தப் பாதை, எந்தப் பாலத்தில் நெரிசல் ஏற்படும் என்பன ஊர்தோறும் வேறுபடும். உள்ளூரறிவு என்பது அவ்வூருக்கே உரிய அறிவு. சிமலூவேயிடமிருந்து நாம் கடன்கொள்ளக் கூடியது கதையின் பொருளன்று. அடையாளம், ஒழுங்கு, செயல் என்ற அதன் அமைப்பு மாத்திரமே.

2004 இன் பின்

2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் நிறுவப்பட்டது. இந்து சமுத்திரத்துக்கான எச்சரிக்கை முறை 2011 முதல் இயங்கி வருகின்றது. 2012 ஏப்ரில் 11 இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவினதான நிலநடுக்கம் நேர்ந்தபோது, இலங்கையின் கரையோர மக்கள் எச்சரிக்கப்பட்டு உள்நிலத்திற்குச் சென்றனர். பெரிய அலை வரவில்லை. எமக்குக் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் இம்முறையின் பயன் பெரிது. கதையிருந்தாற் கருவி வேண்டாமென எவரும் வாதிடார். எனினும் கருவி நகரச் சொல்லுமேயன்றி, நகர்ந்தவர் ஏன் உடனே திரும்பலாகாது எனச் சொல்லாது. எச்சரிக்கை பலமுறை வந்து அலை வராது போயின், அதன்மேல் நம்பிக்கை தளரும். அத்தளர்ச்சியைத் தாங்கி நிற்கவல்லது மக்கள் மனத்தில் ஊன்றிய எடுத்துரைப்பே.

2004 இன் பின் ஈழத்துத் தமிழிலே கவிதைகளும் சிறுகதைகளும் நினைவுமலர்களும் பெருந்தொகையாக எழுந்தன. அவற்றின் பொதுவான தொனி ஒப்பாரியின் தொனி. கடலைத் தாயாக விளித்து, அவள் ஏன் கொன்றாள் என வினவும் போக்கு அவற்றிற் பரவலாகக் காணப்படுகின்றது. துயரின் முதல் வெளிப்பாடு அவ்வாறமைதல் இயல்பே. இறந்தோர்க்கு அழுதல் உயிரோடிருப்போர் கடன். ஆயின், கடலின் மனத்தை வினவும் அக்கவிதைகள் மணிமேகலையின் வினாவையே மீள வினவுகின்றன என்பதையும் நாம் மறைத்தற்கில்லை. தப்பியோர் தப்பிய வழி அங்கும் பெரும்பாலும் வெற்றிடமாகவே உள்ளது.

ஆண்டுதோறும் டிசெம்பர் 26 ஆம் நாள் தேசிய பாதுகாப்பு தினமாக அனுட்டிக்கப்படுகின்றது. காலை 9.25 முதல் இரண்டு நிமிடம் நாடு மௌனங் காக்கின்றது. இறந்தோரை மதிக்கும் அச்சடங்கு வேண்டப்படுவதே. ஆனால் அந்நாளிலே பிறந்திராத பிள்ளைக்கு மௌனம் எதனையும் எடுத்துக் கூறாது. அந்நாளைத் தொடர்ந்து, ஊரிலே தப்பிய ஒருவர் எழுந்து தான் கண்டதையும் ஓடிய வழியையும் பிள்ளைகளுக்குக் கூறுதல் அச்சடங்கின் ஒரு பகுதியாதல் வேண்டும். ஆண்டுதோறும் ஊர்கூடிப் பாடும் வழக்கம் எமக்குப் புதியதன்று. மழைக்காவியம் படித்த ஊர்களிலே, கூத்தும் வசந்தனும் ஆடிய ஊர்களிலே, இதற்கு வேண்டிய வடிவங்கள் ஏலவே உள. அவற்றிலே எதனை வைத்துப் பேணுவது என்பதே எஞ்சியுள்ள வினா.

இவ்விடயத்திலே பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுக்கும் நாட்டார் வழக்காற்றியல் பயில்வோருக்கும் ஒரு தெளிவான பணி உண்டு. அந்நாளில் முதியவராயிருந்தோரிற் பலர் இன்று இல்லை. சிறுவராயிருந்தோர் பெற்றோராகியுள்ளனர். மருதமுனை, கல்முனை, காரைதீவு, நாவலடி, முல்லைத்தீவு என ஊர் ஊராகச் சென்று, என்ன இழந்தீர் என்பதோடு எவ்வாறு பிழைத்தீர் என்பதையும் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். அப்பதிவுகள் ஆய்வேடுகளிற் கிடத்தலாற் பயனில்லை. அவ்வவ்வூர்ப் பாடசாலைக்கும் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்திற்கும் அவை மீண்டு செல்லல் வேண்டும். சிமலூவேயினரின் கதை 97 ஆண்டு வாழ்ந்தபின் ஒரு காலைப் பொழுதிலே பயன்பட்டது. 2004 இலிருந்து அவ்வளவு காலத்தை எண்ணினால் 2101 ஆம் ஆண்டு வரும். அன்று எமது கரையில் நிற்கும் ஒரு பிள்ளைக்கு, கடல் நிலத்தைக் கொண்டது என்பதற்கு மேலாக எதனைச் சொல்லிவைக்கப் போகிறோம் என்பதே எமது கடற்கோள் மரபின்முன் இன்றுள்ள வினாவாகும்.